தூத்துக்குடிப் பஞ்சாலையும் 1908 ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும்: இரு கரைத் தொழிலாளர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு சிறு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பொதுவாக அதன் கோயிலிலிருந்தோ, துறைமுகத்திலிருந்தோ, அதனை ஆண்ட குடும்பத்திலிருந்தோ தொடங்குவர். ஆலையிலிருந்து தொடங்குவோர் மிகச் சிலரே. உப்புவெளியிலிருந்து இக்கட்டுரையை எழுதும் எமக்கு இக்குறை நேரடியாகத் தெரிந்த ஒன்றாகும். எமது ஊரின் பெயரே ஒரு தொழிலின் சுவட்டைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும் திருகோணமலையின் வரலாறு கோணேசர் கோயிலைக் கொண்டும், பேரரசுகள் தமக்குள் போட்டியிட்ட இயற்கைத் துறைமுகத்தைக் கொண்டுமே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. அத்துறைமுகத்தில் சுமை தூக்கியவர், கடற்படைப் பட்டறைகளில் இரும்படித்தவர், உப்பளங்களில் உப்பு வாரியவர், பிற்காலத்தில் சீனக்குடாவின் ஆலைகளிலே தொழில் செய்தவர் ஆகியோர் அவ்வரலாற்றில் தொகையாக வருகின்றனரேயன்றி மாந்தராக வருவதில்லை.

இத்தகைய வரலாறு எவ்வாறு எழுதப்படலாம் என்பதற்கு எம்மிலும் நீண்ட ஆலை அனுபவம் கொண்ட ஊர்களை நோக்குதல் பயன்தரும். அவற்றுள் எமக்கு மிக அண்மையிலுள்ளது மன்னார்க் குடாவின் எதிர்க்கரையிலுள்ள தூத்துக்குடி. அதுவும் உப்பும் முத்தும் துறைமுகமும் கொண்ட ஊர். அங்கு 1888 ஆம் ஆண்டு எழுந்த கோரல் ஆலையும், 1908 ஆம் ஆண்டு அவ்வாலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தமும் தமிழகத் தேசிய இயக்க வரலாற்றிலே நன்கு அறியப்பட்டவை. நன்கு அறியப்பட்டவை என்பதாலேயே அவை பற்றிச் சில வினாக்களை எழுப்ப வேண்டியுள்ளது. அவ்வேலைநிறுத்தம் யாருடையது? தேசிய உணர்வு அன்று தொழிலாளரை இணைத்தது எவ்வாறு? அதே உணர்வு கால் நூற்றாண்டின் பின் எமது கரையில், வெள்ளவத்தை நெசவாலையில், தொழிலாளரைப் பிரித்தது ஏன்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. ஆலை வந்த வழி

ஓர் ஊருக்கு ஆலை தற்செயலாக வருவதில்லை. மூலப்பொருள், எரிசக்தி அல்லது நீர்விசை, போக்குவரத்து, உழைப்பு, மூலதனம் ஆகியன ஓரிடத்திற் கூடும்போதே அது வருகின்றது. திருநெல்வேலிச் சீமையில் இவை 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால் பகுதியில் ஒன்றுசேர்ந்தன.

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் ஆகியவற்றைச் சூழ்ந்த கரிசல் மண் பருத்திக்குப் பேர்போனது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் லங்காசயர் ஆலைகளுக்கு வந்த அமெரிக்கப் பருத்தி தடைப்பட்டபோது, இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. கரிசற்காட்டு விவசாயி உலகச் சந்தையுடன் பிணைக்கப்பட்டான். போர் முடிந்து விலை வீழ்ந்தபோது அப்பிணைப்பு அறவில்லை. கடன் மட்டுமே கூடியது. 1876 இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை அடைந்தது. அதே ஆண்டிலே தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருடப் பெரும்பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது. நிலமற்றவரும் சிறு நிலமுடையோரும் கைநெசவாளரும் ஊரைவிட்டு வெளியேறினர். ஒரு சாரார் கங்காணிமாரின் பின்னே இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கப்பலேறினர். தூத்துக்குடியும் அவர்கள் கடல்கடந்த துறைகளுள் ஒன்று. இன்னொரு சாரார் நகரங்களை நாடினர். தூத்துக்குடி ஆலையிற் புகுந்தவனும் மத்திய மலைநாட்டிற் கொழுந்து பறிக்க வந்தவளும் ஒரே சமூகச் சிதைவின் இரு விளைவுகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் நாம் இலங்கைக்கு வரும்போது இவ்வுண்மை மீண்டும் தேவைப்படும்.

மூலதனம் ஸ்கொத்லாந்திலிருந்து வந்தது. அன்ட்ரூ ஹார்வி, பிராங் ஹார்வி எனும் சகோதரர் பருத்தி வணிகத்தில் ஈடுபட்டு, ஏ. அன்ட் எஃப். ஹார்வி என்ற நிறுவனத்தின் பெயரால் 1880களில் பாபநாசத்திலே தாமிரபரணியின் நீர்விசையைப் பயன்படுத்தி நூற்பாலை ஒன்றை அமைத்தனர். விக்கிரமசிங்கபுரம் எனும் சிற்றூர் அதனாலேயே ஆலை நகராயிற்று. 1888 இல் தூத்துக்குடிக் கோரல் ஆலையும், 1892 இல் மதுரை ஆலையும் தொடர்ந்தன. கரிசல் நிலத்திற்கு வெளியே சென்ற பருத்தி, இப்பொழுது கரிசலின் விளிம்பிலேயே மலிந்த கூலியில் நூலாகியது.

இவ்வாலைகள் துணியைவிட நூலையே பெரிதும் உற்பத்தி செய்தன. அந்நூலை வாங்கியோர் கைத்தறி நெசவாளர். ஆலை கைராட்டையை அழித்தது. கைத்தறியை அழிக்காமல் தன் சந்தையாக்கிக் கொண்டது. நூல் விலையை ஆலையும் மொத்த வணிகரும் தீர்மானிக்க, தறிக்காரன் தன் வீட்டிலிருந்தவாறே ஆலையின் கூலியாள் போல ஆயினான். நூற்றாண்டின் நடுப்பகுதியில் நூற்பஞ்சத்தால் நெசவாளர் பட்ட துயரை அம்பாசமுத்திரப் பின்னணியிலே சித்திரித்த தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) என்ற நாவலின் தலைப்பிலேயே இவ்வுறவு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாச ஆலை கூப்பிடு தூரத்திலேயே உள்ளது.

2. ஆலைக்குள்

1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி தூத்துக்குடியின் மக்கள் தொகை 28,000 அளவிலிருந்தது. அத்தகைய ஊரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே கூரையின் கீழ் உழைக்கும் ஓர் ஆலை எவ்வளவு பெரிய சமூக மாற்றம் என்பதை நாம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். வயலும் கடலும் தறியும் வேலை நேரத்தைத் தத்தம் இயல்புக்கேற்ப வகுத்தன. மழையும் காற்றும் ஓய்வு தந்தன. திருவிழா ஓய்வு தந்தது. ஆலையோ சங்கொலியால் நேரத்தை வகுத்தது. பஞ்சைச் சிக்கெடுத்து, பட்டையாக்கி, இழையாக்கி, முறுக்கி, கதிரிற் சுற்றும் பொறிகள் ஓயாதவை. அவற்றின் வேகமே மனிதனின் வேகமாயிற்று. விடியல் முதல் அந்தி வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. சிறுவரும் வேலை செய்தனர். தவறுக்குத் தண்டமும் அடியும் கிடைத்தன.

சட்டம் இல்லாமலில்லை. 1881 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கமர்த்தலாகாது என்றது. அதாவது, ஏழு வயதை எட்டிய பிள்ளை வேலை செய்யலாம் என்றது. 1891 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதை ஒன்பதாக்கியதோடு வாராந்த ஓய்வையும் குறிப்பிட்டது. வயது வந்த ஆண் தொழிலாளரின் வேலை நேரத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது 1911 இலேயே. அவ்வெல்லையும் பன்னிரண்டு மணி நேரமாகும். இச்சட்டங்களை வேண்டி நின்றோருள் இந்திய ஆலைகளின் மலிவான போட்டியைக் கண்டு அஞ்சிய லங்காசயர் ஆலை முதலாளிமாரும் இருந்தனர் என்பது இக்காலச் சீர்திருத்தங்களின் தன்மையை உணர்த்தும். ஏட்டில் எழுதப்பட்ட ஓய்வுநாளை ஆலைக்குள் கொண்டுவருவதற்குத் தொழிலாளர் தாமே வேலையை நிறுத்த வேண்டியிருந்தது.

3. 1908

வங்கப் பிரிவினையை அடுத்து 1905 முதல் எழுந்த சுதேசி இயக்கம் தூத்துக்குடியிலே தனித்த வடிவம் பெற்றது. ஓட்டப்பிடாரத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம்பிள்ளை முன்னின்று 1906 ஒக்டோபரில் சுதேசிக் கப்பற் கொம்பனியைப் பதிவு செய்தார். அதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபா; பங்கொன்று 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901 இல் நிறுவிய பாலவநத்தம் ஜமீந்தார் பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராயிருந்தார். ஜமீந்தாரும் வணிகரும் வழக்கறிஞரும் கூடிய இம்முயற்சி, உருவாகிக் கொண்டிருந்த தேசிய முதலாளித்துவத்தின் முயற்சி என்பதில் ஐயமில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கொம்பனி கொண்டிருந்த ஏகபோகத்தை உடைப்பது அதன் நோக்கம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை அழுத்திக் கூற வேண்டும். அப்பிரித்தானியக் கப்பற் கொம்பனிக்குத் தூத்துக்குடியில் முகவராயிருந்தவர்கள் கோரல் ஆலையின் சொந்தக்காரரான ஹார்வி நிறுவனத்தாரே. சுதேசி வணிகனின் போட்டியாளனும் பஞ்சாலைத் தொழிலாளியின் எசமானனும் ஒருவனேயாயினர். அவனுக்குத் துணை நின்ற நீதவானும் பொலிசும் அந்நிய அரசினர். தொழிலாளியின் வர்க்கப் பகையும், மத்தியதர வகுப்பினனின் தேசியப் பகையும் ஒரே உருவத்தில், ஒரே சிறு நகரில், ஒரே தெருவில் எதிர்ப்பட்டன. 1908 இன் ஒற்றுமைக்கு இதுவே பௌதிக அடிப்படை. தலைவர்களின் நாவன்மை அவ்வடிப்படையின் மீது எழுந்ததேயன்றி அதற்கு மாற்றாக எழுந்ததன்று.

1908 பெப்ரவரி மாதத்தில் சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரைக் கூட்டங்களில் ஆலைத் தொழிலாளரின் நிலையைப் பற்றிப் பேசினர். பெப்ரவரி 27 ஆம் திகதி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்கள் கேட்டவை கூலி உயர்வு, வாராந்த ஓய்வு, ஏனைய விடுமுறைகள் என்பனவாம். அவை உடலையும் வயிற்றையும் பற்றிய எளிய கோரிக்கைகள். ஊர் மக்கள் வேலைநிறுத்தக்காரருக்கு உணவும் பணமும் திரட்டினர்; சிலருக்கு வேறு வேலையும் தேடிக் கொடுத்தனர். ஆலை நிருவாகத்துக்கு ஆதரவாயிருந்தோருக்குச் சவரத் தொழிலாளர் சவரம் செய்ய மறுத்தனர். சலவைத் தொழிலாளர் வெளுக்க மறுத்தனர்.

இறுதியிற் கூறிய செய்தி சமூகவியல் நோக்கிற் சிறப்பான கவனத்துக்குரியது. சவரமும் சலவையும் மறுக்கப்படுதல் எமது சமூகத்தில் பழைய தண்டனை. ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவனை, பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவனை, பணிய வைப்பதற்கு ஆதிக்க சாதியினர் குடிமைத் தொழிலாளரை ஏவிப் பயன்படுத்திய ஆயுதம் அது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் அதன் பயன்பாடு அறியப்பட்டதே. தூத்துக்குடியில் அவ்வாயுதம் திசை மாறியது. குடிமைத் தொழிலாளர் அதனைத் தம் கையிலெடுத்து மேலிருப்போர் மீது திருப்பினர். நிலமானிய சமூகத்தின் கருவியொன்று புதிய வர்க்கப் போரில் எதிர்மாறான பணியைச் செய்தது. பழைய வடிவங்கள் புதிய உள்ளடக்கத்தைப் பெறுவதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பதரிது.

மார்ச் முதல் வாரத்தில் நிருவாகம் இணங்கியது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையாயிற்று. ஊரிலிருந்த பிற ஐரோப்பிய நிறுவனங்களின் தொழிலாளரும் இதன் பயனைப் பெற்றனர். அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ இதழ் வங்காளத்திலிருந்து தூத்துக்குடியைப் பாராட்டி எழுதியது.

அரசு தாமதிக்கவில்லை. விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டங்கள் மார்ச் 9 ஆம் திகதி நடந்ததையடுத்து, மார்ச் 12 இல் சிதம்பரம்பிள்ளையும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நகரசபை அலுவலகமும் தபால் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியிலோ கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர்.

இவ்விரண்டாவது வேலைநிறுத்தமே எமது நோக்கில் முதலாவதைவிட முக்கியமானது. முதலாவதன் கோரிக்கைகள் நிறைவேறி ஒரு வாரமே கடந்திருந்தது. கூலிக்காகவோ விடுமுறைக்காகவோ அவர்கள் இம்முறை வெளியேறவில்லை. அப்போதுதான் பெற்றவற்றையும் இழக்கத் துணிந்தே வெளியேறினர். பொருளாதாரக் கோரிக்கையிலிருந்து அரசியற் கோரிக்கைக்கு அவர்கள் சென்ற தூரம் இரு வாரங்கள். அதே ஆண்டு யூலையில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாட்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அதனைக் கண்ட லெனின், இந்தியப் பாட்டாளி வர்க்கம் உணர்வுபூர்வமான அரசியற் போராட்டத்துக்குப் பக்குவப்பட்டுவிட்டது என அதே ஆண்டு எழுதினார். பம்பாயின் பேரளவு தூத்துக்குடிக்கு இல்லை. ஆயினும் அச்சிறு நகரத்தின் தொழிலாளர் நான்கு மாதங்கள் முன்னதாகவே அவ்வழியில் காலெடுத்து வைத்திருந்தனர்.

1908 யூலை 7 ஆம் திகதி நீதிபதி பின்ஹே சிதம்பரம்பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனையாக நாற்பது ஆண்டும், சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். மேன்முறையீட்டில் முன்னவரின் தண்டனை ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது. சுதேசிக் கப்பற் கொம்பனி 1911 இல் கலைக்கப்பட்டது. ஆலைகள் நிலைத்தன. ஹார்வி நிறுவனத்தின் ஆலைகள் பின்னர் மதுரை ஆலைக் கொம்பனியாக ஒன்றிணைந்து, 1974 இல் கோட்ஸ் எனும் பிரித்தானிய நூல் நிறுவனத்துடன் சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயின. சுதேசி மூலதனம் தோற்க, அந்நிய மூலதனம் பெயர் மாறி நீடித்தது.

4. பேசாத தொழிலாளி

இலக்கிய மாணவர் என்ற வகையில் இவ்வரலாற்றின் பதிவுகளை நோக்கும்போது எமக்கு ஒரு குறை புலப்படுகின்றது. அக்காலத்தின் தலைசிறந்த கவிஞரான பாரதி இந்நிகழ்ச்சிகளின் உடன்கால சாட்சி, சிதம்பரம்பிள்ளையின் நண்பர். மாவட்டக் கலெக்டர் விஞ்சு சிதம்பரம்பிள்ளைக்குச் சொல்வதாக ஒன்றும், அதற்குச் சிதம்பரம்பிள்ளை மறுமொழி கூறுவதாக ஒன்றும் அவர் பாடியுள்ளார். அவை தமிழ் அரசியற் கவிதையில் ஒரு திருப்புமுனை. ஆனால் அவ்வுரையாடல் ஆள்வோனுக்கும் தலைவனுக்கும் இடையே நிகழ்வது. அவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தியதில் பெரும் பங்கு கொண்ட தொழிலாளி அவ்வரங்கிலே பேசும் பாத்திரமாக வரவில்லை. சிதம்பரம்பிள்ளை பின்னர் தம் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார். எஞ்சிய சான்றுகளுட் பெரும்பகுதி பொலிஸ் அறிக்கைகளும் நீதிமன்றப் பதிவுகளும் ஆகும். ஆட்சியாளரும் தலைவரும் எழுதினர். கதிர்களின் நடுவே நின்றவர் எழுதவில்லை.

இது பாரதியின் குறையன்று. அன்றைய வர்க்க வளர்ச்சியின் எல்லை அது. தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்திருக்கவில்லை. தலைவர் சிறை சென்றதும் இயக்கம் தலையற்றதாயிற்று. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் தோன்றும் வரை அமைப்பு வடிவம் கைகூடவில்லை. சிறை மீண்ட சிதம்பரம்பிள்ளையும் பின்னர் தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டார் என்பது அவருக்குத் தூத்துக்குடி ஆலை கற்பித்த பாடத்தின் தொடர்ச்சியாகும்.

ஆனால் சங்கம் இருந்தாற் போதுமா? 1921 இல் சென்னைப் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் பல மாதங்கள் நடத்திய வேலைநிறுத்தம் இதற்கு விடை தருகின்றது. அங்கு சங்கம் இருந்தது, திரு. வி. க. போன்ற தலைவர்கள் இருந்தனர். எனினும் ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பெரும் பகுதியினர் வேலைக்குத் திரும்பியபோது போராட்டம் சாதி மோதலாக மாறிப் புளியந்தோப்பில் இரத்தம் சிந்தியது. ஒடுக்கப்பட்ட மக்களின் தனித்த துயரையும், கையிருப்பின்றிப் பட்டினி கிடக்க இயலாத அவர்தம் வறுமையையும் சங்கம் தன் பிரச்சினையாக ஏற்கவில்லை. நிருவாகமும் அரசும் அவ்விடைவெளியை நன்கு பயன்படுத்தின. தூத்துக்குடியில் சவரத் தொழிலாளரும் சலவைத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளருக்குத் துணை நின்றமை தானாக நிகழ்ந்து எங்கும் தொடரும் ஒன்றன்று. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்பட வேண்டிய ஒன்று.

5. எமது கரை: வெள்ளவத்தை, 1933

இப்பொழுது எமது கரைக்கு வருவோம். கொழும்பின் தெற்கே வெள்ளவத்தையில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நூற்பு, நெசவாலை இலங்கையின் மிகப் பெரிய நெசவாலையாக விளங்கியது. 1930களின் உலகப் பொருளாதார மந்தம் இங்கும் கூலிக் குறைப்பாக வந்திறங்கியது. 1933 பெப்ரவரியில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஏறத்தாழ 1,400 பேர் அங்கு தொழில் செய்தனர். அவர்களிற் பெரும்பான்மையோர் இந்தியர், குறிப்பாக மலையாளிகள்.

இலங்கைத் தொழிற்சங்க இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட ஏ. ஈ. குணசிங்க அப்போது தலைநகரத் தொழிலாளரின் தலைவராயிருந்தார். 1923 ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையும், 1927 இன் துறைமுக வேலைநிறுத்தத்தையும், 1929 இன் டிராம் வேலைநிறுத்தத்தையும் நடத்தியவர் அவரே. அப்போராட்டங்களில் பல்வேறு இனத் தொழிலாளரும் தோளோடு தோள் நின்றனர். ஆனால் மந்தம் வேலையின்மையைக் கொணர்ந்தபோது, குணசிங்க வேலையின்மைக்குக் காரணம் முதலாளித்துவம் எனக் கூறாது மலையாளிகள் எனக் கூறினார். அவருடைய சங்கம் வெள்ளவத்தை வேலைநிறுத்தத்தை எதிர்த்ததோடு அதனை முறியடிக்க ஆட்களையும் அனுப்பியது.

தூத்துக்குடியையும் வெள்ளவத்தையையும் இங்கு ஒப்பு நோக்குவோம். ஆலை ஒரே வகையது. கூலிக் கோரிக்கையும் ஒரே வகையது. இரு இடங்களிலும் ஆட்சி பிரித்தானியருடையது. இரு இடங்களிலும் தேசியம் பேசப்பட்டது. வேறுபாடு ஒன்றே. 1908 இல் தேசியம் அந்நியன் எனச் சுட்டியது ஆலை முதலாளியையும் அவனைக் காத்த அரசையும். 1933 இல் அது அந்நியன் எனச் சுட்டியது அருகே நின்ற தொழிலாளியை. ஆகவே தேசியம் முற்போக்கானதா பிற்போக்கானதா எனப் பொதுவிற் கேட்பது பயனற்றது. அது எக்காலத்தில், எவ்வர்க்கத்தின் கையில், யாரை அந்நியனெனப் பெயரிடுகின்றது என்பதே கேட்க வேண்டிய வினா. தூத்துக்குடியின் ஒற்றுமையை வியந்து பாடுவோர், அங்கும் ஆலை முதலாளி சுதேசியாயிருந்திருப்பின் நிலைமை எவ்வாறிருந்திருக்கும் என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்த்தல் நன்று.

ஆயினும் வெள்ளவத்தையில் பிளவு மட்டுமே நிகழவில்லை. சூரியமல் இயக்கத்தோடு தொடர்புடைய இளைஞர், பெரும்பாலும் சிங்களவர், மலையாளத் தொழிலாளரின் பக்கம் நின்றனர். கொல்வின் ஆர். டி சில்வா அவர்தம் சங்கத்தின் தலைவரானார். அவ்வேலைநிறுத்தம் பெற்றுத்தந்த கூலியைவிட அது ஈன்ற அரசியல் பெரிது. 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அதன் தோற்றுவாய்களுள் ஒன்றாக இவ்வாலை வாயில் அமைந்தது. இலங்கையின் இடதுசாரி இயக்கம், அந்நியர் எனப் பழிக்கப்பட்ட தொழிலாளரைப் பாதுகாப்பதிலேயே தன் முதலடிகளை எடுத்து வைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அதனை இயக்கமே பின்னர் மறந்தது என்பதையும் கூறத்தான் வேண்டும். 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தாது வருடப் பஞ்சத்தின் பின் கப்பலேறியோரின் பேரப்பிள்ளைகள், நாட்டின் செல்வத்தை உற்பத்தி செய்தவாறே, நாட்டுக்கு அந்நியராயினர். இடதுசாரிகள் அன்று அதனை எதிர்த்தனர். 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்தனர். ஆனால் 1960களின் நடுப்பகுதியிலிருந்து கூட்டரசாங்க அரசியல் அவர்களைப் பிறிதொரு திசையில் இட்டுச் சென்றது. சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதன்மை வழங்கிய 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஆக்கிய அமைச்சர், 1933 இல் மலையாளத் தொழிலாளருக்குத் தலைமை தாங்கிய அதே கொல்வின் ஆர். டி சில்வா ஆவார். இதனைத் தனிமனிதரின் வீழ்ச்சியாக மட்டும் விளக்குதல் மார்க்சிய நோக்காகாது. தொழிலாளரின் ஒற்றுமையைக் கட்டியெழுப்பும் நெடும்பணியை விடுத்துப் பெரும்பான்மை வாக்கைக் குறுக்குவழியில் அடைய முயன்ற ஓர் அரசியற் போக்கின் முடிவு அது. அதற்கு எதிர்வினையாக வளர்ந்த தமிழ்த் தேசியமும் ஆலையையும் தோட்டத்தையும் உப்பளத்தையும் தன் மையத்தில் வைக்கவில்லை என்பதை நாம் அதே நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவதாக, தூத்துக்குடி வேலைநிறுத்தத்தைத் தேசிய இயக்கத்தின் ஓர் அத்தியாயமாக மட்டும் காண்பது அதன் பாதியையே காண்பதாகும். இரண்டாவது வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் தம் சொந்த அனுபவத்தின் வழியே அரசியலுக்கு வந்தனர். இரண்டாவதாக, அவ்வொற்றுமை இயல்பாகக் கிடைத்ததன்று. முதலாளியும் போட்டி வணிகனும் ஆட்சியாளனும் ஒன்றாய் நின்ற ஒரு குறிப்பிட்ட நிலைமை அதனைச் சாத்தியமாக்கியது. மூன்றாவதாக, அந்நிலைமை மாறிய இடங்களில், சென்னையில் சாதியும் கொழும்பில் இனமும், தொழிலாளரைப் பிளந்தன.

இவை எமக்கு ஏட்டுச் செய்திகளல்ல. தமிழரும் முசுலிம்களும் சிங்களவரும் ஒரே துறைமுகத்தை, ஒரே கடலை, ஒரே ஆலை வாயிலைப் பகிர்ந்துகொள்ளும் மாவட்டம் எமது மாவட்டம். 2009 இல் முடிவுற்ற நெடும்போர் ஒவ்வொரு சமூகத்துக்கும் தன் தன் இழப்பின் பட்டியலைத் தந்து சென்றுள்ளது. அப்பட்டியல்கள் உண்மையானவை, அவற்றை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயின் ஒரே வேலைநேரத்தில் ஒரே சுமையைத் தூக்கியவர்களின் பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை. கடற்படைத் தளம் 1957 இல் பிரித்தானியரிடமிருந்து கைமாறியபோது அங்கு தொழில் செய்தோரும், உப்பளங்களில் வெயிலிற் காய்ந்தோரும், ஆலைகளில் இரவு முறை பார்த்தோரும் எம்மிடையே முதியவராய் உள்ளனர். அன்றேல் அவர்தம் பிள்ளைகள் உள்ளனர். கோரல் ஆலைத் தொழிலாளியின் சொல்லைக் கேட்கும் வாய்ப்பைத் தமிழ் ஆய்வுலகம் இழந்துவிட்டது. பொலிஸ் அறிக்கையிலிருந்து அவனை ஊகித்தே அறிய வேண்டியுள்ளது. எமது தொழிலாளரைப் பொறுத்தவரையில் அவ்வாறு நேர வேண்டியதில்லை.

ஆகவே எமது சங்கத்தின் மாணவர், மூன்று மொழிச் சமூகங்களிலும் சென்று, இம்மாவட்டத்தின் உழைப்பாளரின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் பணியை மேற்கொள்ள வேண்டுமென இக்கட்டுரை வாயிலாகக் கேட்டுக்கொள்கின்றோம். அவர்கள் என்ன கூலி பெற்றனர், எத்தனை மணிக்கு எழுந்தனர், அருகில் நின்றவனின் மொழி எதுவாயிருந்தது, வேலை நிறுத்தப்பட்ட நாளில் யார் சோறு கொடுத்தார் என்பன போன்ற எளிய வினாக்களே போதுமானவை. தூத்துக்குடியில் 1908 ஆம் ஆண்டு யாரேனும் அவற்றைக் கேட்டு எழுதி வைத்திருப்பின், இக்கட்டுரையை எழுதும் வேலை எமக்கு எளிதாயிருந்திருக்கும், பயனும் பெரிதாயிருந்திருக்கும்.